மெனகெம் பெகின்: தலைமறைவு இயக்கத்திலிருந்து பிரதமர் பதவிக்கு

பாலஸ்தீனத்தை ஆண்ட பிரித்தானியர் மெனகெம் பெகினின் தலைக்கு விலை வைத்துத் தேடினார்கள். அதே பெகினுக்கு 1978இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த மனிதர் எவ்வளவு தூரம் மாறினார் என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையை நான் அணுகுகிறேன்.

பெகின் 1913இல், அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் நகரில் பிறந்தார். வார்சாவில் சட்டம் பயின்று, பெத்தார் என்னும் சியோனிச இளைஞர் இயக்கத்தின் போலந்துத் தலைவரானார். 1940இல் சோவியத் இரகசியப் பொலிசார் அவரைக் கைதுசெய்து கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினர். மறு ஆண்டு விடுதலையாகி, போலந்துப் படையில் சேர்ந்து, 1942இல் பாலஸ்தீனம் வந்தடைந்தார். பெற்றோரும் சகோதரரும் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர். இந்த இழப்பை ஒதுக்கிவிட்டுப் பெகினைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

1943 டிசம்பரில் இர்குன் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அடுத்த பெப்ரவரியில் பிரித்தானியருக்கெதிராகக் கிளர்ச்சியை அறிவித்தார். தாடி வளர்த்து, மதகுரு வேடத்தில் டெல் அவிவில் மறைந்து வாழ்ந்தார். 1946 ஜூலை 22 அன்று, பிரித்தானிய நிர்வாகம் இயங்கிவந்த ஜெருசலேம் கிங் டேவிட் ஹோட்டலை இர்குன் குண்டு வைத்துத் தகர்த்தது. பிரித்தானியர், அரபுகள், யூதர்கள் என 91 பேர் இறந்தனர். 1948 ஏப்ரலில் இர்குனும் லேஹியும் டெயர் யாசின் கிராமத்தைத் தாக்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டனர். அது திட்டமிட்ட படுகொலை என்பதைப் பெகின் மறுத்தே வந்தார்.

இஸ்ரேல் உருவான மறு மாதமே இர்குனின் ஆயுதங்களுடன் அல்டலேனா என்ற கப்பல் வந்தது. பென் குரியனின் அரசு அதன்மீது பீரங்கியால் சுட்டது. இர்குன் உறுப்பினர் 16 பேர் மாண்டனர். கப்பலில் இருந்த பெகின், சகோதர யுத்தம் வேண்டாம் என்று தம்மவரைத் தடுத்தார். அவர் அரசியல்வாதியாக மாறிய தருணம் இதுவே என்பது என் கருத்து.

அதன்பின் ஹெரூட் கட்சியைத் தொடங்கி எட்டுத் தேர்தல்களில் தொடர்ந்து தோற்றார். அரபு நாடுகளிலிருந்து குடியேறி, ஆளும் தொழிற்கட்சியால் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்த யூதர்களின் ஆதரவு 1977இல் அவரைப் பிரதமராக்கியது. எகிப்திய ஜனாதிபதி சதாத்துடன் 1978இல் கேம்ப் டேவிட் உடன்பாட்டிலும், 1979இல் சமாதான ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். பழைய தோழர்கள் சிலரின் எதிர்ப்பையும் மீறி சினாய் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மேற்குக் கரை விடயத்தில் அவர் அசையவில்லை. அது யூதரின் பூர்வீக நிலம் என்று சொல்லிக் குடியேற்றங்களைப் பெருக்கினார். பாலஸ்தீனருக்கு அவர் தர முன்வந்தது தன்னாட்சி மட்டுமே, தனி அரசு அல்ல.

1982இல் அவருடைய அரசு லெபனான்மீது படையெடுத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், இஸ்ரேலியப் படை சூழ்ந்திருந்த சப்ரா, ஷட்டிலா பகுதிகளில் லெபனான் கிறிஸ்தவ ஆயுதக்குழு அகதிகளைப் படுகொலை செய்தது. நவம்பரில் மனைவி அலிசாவும் இறந்தார். 1983இல் பதவி விலகிய பெகின், 1992 மார்ச்சில் இறக்கும்வரை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கி வாழ்ந்தார்.

தேசத் தலைவர்களுக்குரிய ஹெர்சல் மலையில் அவர் இடம் கேட்கவில்லை. தம் விருப்பப்படியே ஒலிவ மலையில், மனைவியின் அருகே, மோஷே பராசானி, மேயிர் ஃபைன்ஸ்டைன் ஆகியோரின் கல்லறைகளை அடுத்துப் புதைக்கப்பட்டார். அவ்விருவரும் 1947இல் தூக்கிலிடப்படுவதற்குச் சற்று முன்பு, சிறைக்குள் கைக்குண்டை வெடிக்கவைத்துத் தம்மை மாய்த்துக்கொண்ட தலைமறைவுப் போராளிகள். ஆறு ஆண்டுகள் பிரதமராக இருந்த பின்னும், தாம் யாருடைய ஆள் என்பதில் பெகினுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.