சுரைப்பந்தலும் ஜெப்பியாவும்: பலெர்மோவில் நிலைத்த வேளாண்மை

'பெர்மாகல்ச்சர்' என்ற சொல் அச்சேறியது 1970களில்தான். ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் பில் மொலிசனும் அவரைவிட மிக இளையவரான டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து உருவாக்கிய கருத்து இது. அவர்களது முதல் நூல் 1978இல் வெளிவந்தது. தமிழில் நிலைத்த வேளாண்மை எனலாம். மரம், செடி, கொடி, கோழி, ஆடு, மழைநீர், வீட்டுக் கழிவு ஆகியவற்றை, ஒன்று கழிப்பது மற்றொன்றுக்கு உணவாகும்படி அமைத்துக்கொள்வதுதான் இதன் சாரம். அடிக்கடி கை படவேண்டியதை வாசலுக்கு அருகிலும், தன்பாட்டில் வளர்வதைத் தூரத்திலும் வைக்க வேண்டும் என்பது முதற்பாடம்.

யாழ்ப்பாணத்து வளவில் வளர்ந்தவர்களுக்கு இது புதுப்பாடம் அல்ல. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். குசினிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை, கோடியில் முருங்கை, எல்லையில் பனை. வேலியில் நின்ற கிளுவையும் பூவரசும் கதியாலாகவும் இருந்தன, தோட்டத்துக்குக் குழைப் பசளையாகவும் ஆயின. இரண்டு கிழமை வகுப்பு வைத்து, கட்டணம் வாங்கி, சான்றிதழ் கொடுத்து எவரும் இதைப் படிப்பிக்கவில்லை.

அந்த வளவை விட்டு வந்தவர்களில் கணிசமானோர் 1980களிலிருந்து சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் குடியேறினார்கள். மொண்டே பெல்லகிரினோ மலைமேல் இருக்கும் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு கத்தோலிக்கத் தமிழர்களோடு சைவர்களும் நேர்த்தி வைத்து ஏறுவது பலரும் எழுதிய விஷயம். அவர்கள் இழந்த மண்ணைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. துறைமுகத்தை அடுத்த போர்கோ வெக்கியோவில் உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒடுங்கிய தெருக்கள், உயர்ந்த பழைய வீடுகள், கீழே சந்தை. மண் என்று சொல்ல மேல்மாடத்துச் சாடிகளில் இருப்பதுதான். ஒன்றில் துளசியின் உறவான பசிலிகோ, அடுத்ததில் பச்சை மிளகாய், மூலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. கடலோரமான இந்த நகரில் உறைபனி அரிது என்பதால் கன்று குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறது.

ஆனால் இதே பலெர்மோ ஒரு காலத்தில் தோட்டங்களுக்குள் கிடந்த நகரம். மலைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளிக்குப் பெயரே கொன்கா தோரோ, அதாவது பொற்கிண்ணம். அரபுக்கள் 831இல் நகரைக் கைப்பற்றியபின் அவர்களோடு வந்த நீர்ப்பாசன அறிவு இங்கே வேரூன்றியது. பாறைக்குள் குடைந்து நிலத்தடி நீரைச் சரிவில் ஓடவிடும் 'கனாத்' சுரங்கங்கள் சில இன்றும் நகரின் அடியில் உள்ளன. சிசிலி விவசாயியின் பேச்சில் நீர்த்தொட்டிக்கு ஜெப்பியா, வாய்க்காலுக்கு சாயா, நீரிறைக்கும் சக்கரத்துக்கு சேனியா. மூன்றும் அரபுச் சொற்கள். எங்கள் ஊர்த் துலாவும் வாய்க்காலும் செய்த வேலையைத்தான் இவையும் செய்தன. அடியில் சுண்ணாம்புப்பாறை, மழை பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பின், கோடையில் வறட்சி: யாழ்ப்பாணத்துக்கும் பலெர்மோவுக்கும் இந்த ஒற்றுமை எதிர்பாராதது.

நீர் இருக்கும் இடத்தில் நீருக்கான சண்டையும் இருக்கும். 1795 முதல் பிரித்தானியக் கடற்படை ஸ்கர்வி நோயைத் தடுக்க மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சந்தையும் சேர்ந்துகொள்ள, பொற்கிண்ணத்து எலுமிச்சைத் தோட்டங்கள் பெரும் பணம் ஈட்டின. தோட்டக் காவலும் தண்ணீர்ப் பங்கீடும் எவர் கையில் இருந்தனவோ அவர்கள் தோட்டக்காரரை மிரட்ட முடிந்தது. மாஃபியாவின் தொடக்கத்தை வரலாற்றாசிரியர்கள் தேடிச்செல்லும் இடங்களில் இந்தத் தோட்டங்கள் முக்கியமானவை. எங்கள் பங்குக் கிணறுகளிலும் முறைத் தண்ணீருக்காக வழக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் அது சகோதரர் சண்டையோடு நின்றது.

தோட்டங்களை அழித்தது வறட்சி அல்ல, கொங்கிறீற். 1950களிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் நடந்ததை இத்தாலியர் 'பலெர்மோவின் சூறை' என்கிறார்கள். சல்வோ லீமா மேயராகவும் வீத்தோ சான்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான கட்டட அனுமதிகள் வழங்கப்பட்டன. பெரும்பகுதி ஒருசில பினாமிப் பெயர்களுக்கு. எலுமிச்சையும் மந்தரினும் நின்ற நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. வளவை இழந்த எங்களவர் பலர் வீட்டுவேலைக்குப் போவது அப்படி எழுந்த மாடிகளுக்கும்தான்.

எல்லாமே போய்விடவில்லை. நகரின் தென்கிழக்கில் சாக்குல்லியில் பிந்திப் பழுக்கும் மந்தரின் இன்னும் விளைகிறது. மற்றவை முடிந்தபின் சந்தைக்கு வருவதுதான் அதன் மதிப்பு. நோர்மன் அரண்மனையிலிருந்து அதிக தூரமில்லாத தனிசின்னி என்ற வறிய குடியிருப்பு, தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பப்பிரஸ் நாணல் விளைந்ததால் பெயர்பெற்ற பப்பிரேத்தோ ஆற்றின் ஊற்று அந்தப் பக்கந்தான். ஆறு இப்போது நிலத்தடியில். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தைக் கப்புச்சின் துறவிகளும் அயலவர்களும் 2010களில் சமூகப் பண்ணையாக்கினார்கள். காய்கறிப் பாத்திகளும் கழுதைகளும் உள்ள பண்ணை, ஒரு பெருநகரத்தின் நடுவில்.

போர்கோ வெக்கியோவில் அப்படி ஒரு நிலம் கிடைத்தால் என்ன நடலாம் என்று உறவினரோடு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிலைத்த வேளாண்மை நூல்கள் முதலில் ஓராண்டு நிலத்தைக் கவனிக்கச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் பலெர்மோவில் அதற்கும் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நிலம் எவர் பெயரில், எத்தனை ஆண்டுக்கு? தண்ணீர் எங்கிருந்து? 2024 வறட்சியில் சிசிலிக்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த ஒக்டோபரில் பலெர்மோவின் சில பகுதிகளில் குழாய்த் தண்ணீரே முறைவைத்து விடப்பட்டது. கூரை மழைநீரைச் சேர்க்க ஒரு ஜெப்பியா இல்லாமல் சமூகத் தோட்டம் தொடங்குவது வீண். பழமரம் நடுகிறவருக்கு எழுத்தில் குத்தகையும் வேண்டும். ஓராண்டு வாய்ப்பேச்சை நம்பி எவரும் எலுமிச்சை வைக்கமாட்டார்கள்.

நடுவதற்கு முதல் பயிர் எது என்பதில் எங்களுக்குச் சச்சரவே வரவில்லை. கோடையில் இங்கே சந்தைகளில் 'தெனெரூமி' என்று கட்டுக்கட்டாக ஒரு கீரை விற்பார்கள். அது 'குக்குத்சா' என்னும் நீண்ட வெளிர்பச்சைக் காயின் கொழுந்து. பாஸ்தாவோடு அவித்து உண்பார்கள். தாவரவியலில் அந்தக் காயும் எங்கள் சுரைக்காயும் ஒரே இனம். சிசிலிக்காரரும் அதைப் பந்தல் போட்டுத்தான் படரவிடுகிறார்கள். பந்தலின் நிழலில் ஓகஸ்ட் வெயிலிலும் கீரையும் புதினாவும் தாக்குப்பிடிக்கும். மேலே காய் தமிழ் வீட்டுக் கறிக்கு, கொழுந்து பக்கத்து வீட்டுப் பாஸ்தாவுக்கு. விதைக்கு ஒரு காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, ஓடு காய்ந்ததும் எடுத்துவைத்தால் அடுத்த வசந்தத்துக்குப் போதும்.