ஒரு வாட்டுக்குப் பிறந்த ஸ்பீக்கருக்கு மூன்று ஆம்ப்ளிஃபயர் எதற்கு?

ஆடி மாதம் பிறந்தால் நம் சங்கக் கூட்டத்தில் தவறாமல் வரும் புகார் குழாய் ஸ்பீக்கர். கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்று காவல்துறை ஒவ்வொரு திருவிழாவுக்கும் சொல்கிறது. கம்பத்தில் அது ஏறுவதும் நிற்கவில்லை. அந்தக் குழாயின் குலம் கோத்திரத்தைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அதே வம்சத்துப் பெரியவர்கள் சிலர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இசைப்பிரியர்களின் ஹாலில் ராஜமரியாதையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐம்பது, அறுபது, எழுபது வயதான ஹார்ன் ஸ்பீக்கர்கள். அவற்றைப் பிரித்துத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று ஆம்ப்ளிஃபயர் கொடுத்து இயக்குகிறார்கள். மிகக் குறைந்த மின்சாரத்தில் பாடவேண்டும் என்பதற்காகவே பிறந்த ஸ்பீக்கருக்கு எதற்காக மூன்று ஆம்ப்ளிஃபயர்? இதற்குப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

தூரத்தில் போகிறவரைக் கூப்பிட நாம் இரு கையையும் வாயருகே குவித்துக் கத்துகிறோமே, அதுதான் ஹார்னின் தத்துவம். ஒரு சிறிய சவ்வு அதிர்ந்தால் சுற்றியுள்ள காற்று நழுவிவிடும். உழைப்பில் பெரும்பகுதி வீண். சவ்வின் முன்னால் குறுகலாகத் தொடங்கி மெல்ல மெல்ல விரியும் குழாயை வைத்தால் காற்றுக்கு நழுவ வழியில்லை. அதே அதிர்வு பல மடங்கு சத்தமாக வெளியே வருகிறது. பழைய கிராமபோனில் மின்சாரமே கிடையாது. ஊசியின் அசைவை ஹால் முழுக்கக் கேட்க வைத்தது அந்தக் குழாய்தான்.

இதில் மின்சாரத்தைச் சேர்த்து ஊருக்கே கேட்க வைத்தவர்கள், டென்மார்க்கிலிருந்து வந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதமும். கலிபோர்னியாவின் நாபாவில் வேலை செய்த இருவரும் தங்கள் கருவிக்கு மாக்னவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு சான் பிரான்சிஸ்கோவில் திரண்ட பெருங்கூட்டம் அதைக் கேட்டது. 1919 செப்டம்பரில் சான் டியாகோ மைதானத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேச, தலைக்கு மேலிருந்த குழாய்கள் அதைச் சுமார் 50,000 பேரிடம் சேர்த்தன. நம் மேடைப் பேச்சு மைக்செட்டுக்கு மூதாதை என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

பிறகு பேசும் படம் வந்தது. 1926 ஆகஸ்டில் நியூயார்க்கில் வார்னர் நிறுவனம் 'டான் ஜுவான்' படத்தை இசையோடு திரையிட்டது. அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் கொடுத்தது சில வாட்ஸ்தான். இன்று நம் வீட்டு டிவியோடு வரும் சவுண்ட்பார் பெட்டியில் அதைவிட அதிகம் எழுதியிருக்கும். அந்தச் சில வாட்ஸை வைத்துக்கொண்டு பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை கேட்க வைக்கவேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தின் வென்டேயும் துராஸும் உருவாக்கிய 555 என்ற டிரைவர் அதைச் சாதித்தது. அதன் முன்னால் நத்தைபோல் சுருண்ட ஹார்ன் ஒன்று. அதற்குள் ஒலி போகும் பாதையை நீட்டினால் பத்தடிக்கு மேல் வரும்.

ஆனால் ஒரே ஹார்ன் எல்லாச் சுரத்தையும் பாடாது. ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஆழத்தில் ஒரு அலையின் நீளம் 28 அடி. அதை முறையாக வெளியே விட ஹார்னின் வாய்ச் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கவேண்டும். ஜால்ராவின் கணீருக்கோ உள்ளங்கையளவு ஹார்ன் போதும். ஆகவே கீழ்ச் சத்தத்துக்கு ஒரு பெரிய ஹார்ன், மேல் சத்தத்துக்குச் சிறிய ஹார்ன்கள் என்று பாகப்பிரிவினை செய்தார்கள். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடம், பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் கேட்க வைத்தது. இடம், நடு, வலம் என்று மூன்று தடம். புகழ்பெற்ற இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி அன்று வாஷிங்டனில் ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ்களின் முன் உட்கார்ந்திருந்தார்.

பாகப்பிரிவினை என்றாலே வழக்கும் வரும். எம்.ஜி.எம். படக்கம்பெனியின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர், அவருடன் ஜான் ஹில்லியார்டு, ஸ்பீக்கர் தயாரித்துக் கொடுத்த ஜேம்ஸ் லான்சிங் ஆகியோர் 1930களின் நடுவில் இதை ஆராய்ந்தபோது நடந்ததாக ஒலித்துறையில் ஒரு கதை வழங்குகிறது. நடனத் தாரகை எலினோர் பவல் தரையில் காலணியைத் தட்டி ஆடும் காட்சி. ஒரு தட்டு, ஸ்பீக்கரில் இரண்டு தட்டாகக் கேட்டதாம். காரணம் எளிது. கீழ்ச் சத்தத்தின் ஹார்ன் நீளமானது, மேல் சத்தத்தினுடையது குட்டை. ஒரே நேரத்தில் புறப்பட்ட இரண்டும் வேறுவேறு நேரத்தில் வந்து சேர்ந்தன. ஒரு அடி வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி. பாதைகளைச் சமப்படுத்தி அவர்கள் கட்டிய ஷியரர் ஹார்னுக்கு 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இந்த நேரக்கணக்கை நினைவில் வையுங்கள். மூன்று ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் திரும்ப வரும்.

லான்சிங்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. கைவேலையில் மன்னன். வரவு செலவு வேறொருவர் பொறுப்பு. அந்தக் கூட்டாளி 1939இல் விமான விபத்தில் இறந்ததும் கம்பெனி தடுமாறி, 1941இல் ஆல்டெக் நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே லான்சிங் உருவாக்கியவற்றின் வழியில்தான், உலகெங்கும் தியேட்டர் திரைக்குப் பின்னால் நின்ற 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசை வந்தது. 1946இல் வெளியேறிச் சொந்தமாகத் தொடங்கினார். மறுபடியும் கடன். 1949இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் கம்பெனியின் பெயரில் எடுத்து வைத்திருந்த 10,000 டாலர் ஆயுள் காப்பீட்டுத் தொகைதான் அதைக் கரைசேர்த்தது. அந்தக் கம்பெனிதான் இன்றைய ஜே.பி.எல். வங்கியில் கடன் பிரிவில் காலம் கழித்த எனக்கு, இதில் டெசிபல் கணக்கைவிட இந்தக் கணக்குத்தான் மனதில் நின்றது.

ஹார்னைத் தியேட்டரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பால் கிளிப்ஷ். அர்கான்சா மாநிலத்தில் ஹோப் என்ற சின்ன ஊர். (முன்னாள் ஜனாதிபதி கிளின்டன் பிறந்ததும் அங்கேதான், கிளிப்ஷ் தொழில் தொடங்கிய அதே 1946இல்.) இரண்டாம் உலகப்போரின்போது ராணுவப் பணிக்காக அங்கே வந்தவர், அங்கேயே தங்கி ஒரு தகரக் கொட்டகையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். அவருடைய சாமர்த்தியம், பெரிய ஹார்னை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அறையின் மூலையையே ஹார்னின் கடைசிப் பகுதியாக்கியது. இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து மீதி வாயாகிவிடுகின்றன. பெட்டிக்குள் அடங்காததை வீட்டுச் சொந்தக்காரரின் கொத்தனார் முன்பே கட்டி வைத்திருக்கிறார்! கிளிப்ஷார்ன் என்ற அந்த ஸ்பீக்கர் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது.

அதன் திறனுக்கு ஒரு கணக்கு. சாதாரண அலமாரி ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் தரும். கிளிப்ஷார்ன் 104க்குக் குறையாது. வித்தியாசம் 17 டெசிபல்தானே என்று நினைக்கவேண்டாம். டெசிபல் கூட்டுவட்டி மாதிரி. 17 டெசிபல் என்றால் ஐம்பது மடங்கு. அந்தச் சின்னப் பெட்டி 50 வாட்ஸ் தின்று போடும் சத்தத்தை இது ஒரு வாட்டில் போடும்.

இவ்வளவு இருந்தும் வீடுகளில் ஹார்ன் தோற்றது. 1954இல் எட்கர் வில்ச்சூர் சிறிய மூடிய பெட்டியிலேயே ஆழமான சத்தத்தைக் கொண்டுவந்தார். அது வாட்ஸை விழுங்கும். ஆனால் டிரான்சிஸ்டர் வந்ததும் வாட்ஸ் மலிவாகிவிட்டது. 1950களின் கடைசியில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தபோது ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. எந்த இல்லத்தரசி இரண்டு மூலையையும் பீரோ அளவுப் பெட்டிக்குக் கொடுப்பார்? தியேட்டர்கள் கழித்துப்போட்ட ஹார்ன்களில் ஏராளம் ஜப்பான், கொரியா ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தன.

இப்போது அந்த மூன்று ஆம்ப்ளிஃபயர். கிளிப்ஷார்னையே எடுத்துக்கொள்வோம். கீழே வூஃபர், நடுவில் ஒரு ஹார்ன், மேலே ட்வீட்டர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மொத்த மின்சாரத்தையும் சுமார் 400, 6,000 ஹெர்ட்ஸ் எல்லைகளில் பிரித்து மூவருக்கும் அனுப்புவது உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் என்ற பலகை. காயில்களும் கண்டென்சர்களும் கொண்டது. வங்கிக்காரன் உதாரணம் சொன்னால், ஒரே கேஷியர் மொத்தப் பணத்தையும் வாங்கி, பின்னால் இருக்கும் மூன்று மேஜைக்கும் பிரித்துக் கொடுப்பது போல. நடுவில் கொஞ்சம் கைச்செலவாகும். நடு ஹார்ன் மிகவும் சத்தமானது என்பதால் அதன் பங்கை வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கவேண்டும். கண்டென்சருக்கு வயதானால் எல்லைகளும் நகர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்தப் பலகையால் யாரையும் போதுமான நேரம் காத்திருக்கச் சொல்ல முடியாது. மடிந்து வரும் வூஃபரின் பாதை பல அடி அதிகம். எலினோர் பவலின் இரட்டைத் தட்டு இங்கேயும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது.

டிரை-ஆம்ப் முறையில் பிரிவினை முன்பே நடந்துவிடுகிறது. பாட்டு மெல்லிய சிக்னலாக இருக்கும்போதே ஒரு மின்னணுக் கிராஸ்ஓவர் அதை மூன்றாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பங்கும் தனி ஆம்ப்ளிஃபயருக்குப் போய், அங்கிருந்து நேரே அந்தந்த டிரைவருக்கு. இடையில் காயில் இல்லை, கழிவு இல்லை. எல்லையில் இரண்டு டிரைவர்களும் சீராகக் கைமாற்றிக்கொள்ளும்படி பிரிக்கும் முறையை 1976இல் ஹியூலட்-பேக்கார்ட் பொறியாளர்கள் லிங்க்விட்ஸும் ரைலியும் வகுத்தார்கள். பின்பு கணினிச் சில்லு வைத்த கிராஸ்ஓவர்கள் மலிவானதும் நேரக்கணக்கும் தீர்ந்தது: ட்வீட்டர் இவ்வளவு மில்லி விநாடி பொறுக்கட்டும், நடு ஹார்ன் இவ்வளவு பொறுக்கட்டும் என்று எண்ணைத் தட்டினால் போதும். ஷியரர் குழு தச்சரை வைத்துச் செய்ததை இன்று பித்தானை அழுத்திச் செய்கிறார்கள். வாட்ஸ் கூட்டுவதற்கல்ல, மூவரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவதற்குத்தான் மூன்று ஆம்ப்ளிஃபயர்.

இதைத் திருத்தல் என்று சொல்வதா, சிதைத்தல் என்று சொல்வதா என்பதில் ரசிகர்களிடையே தீராத சண்டை. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். உலோக ஹார்ன் மணிபோல் ரீங்கரிக்கும். அதன் முதுகில் பிசின் போன்ற பொருளை அப்பி அடக்குவது நல்ல வேலை, வேண்டாமென்றால் உரித்துவிடலாம். கிழண்ட கண்டென்சரை மாற்றுவது வெறும் பராமரிப்பு. ஆனால் பெட்டியை அறுப்பதும், புது ஹார்ன் பொருத்துவதற்காக அசல் பலகையில் துளை போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மாதிரிப் பெட்டி இனி யாரும் செய்து தரப்போவதில்லை. டிரை-ஆம்ப் முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான்: பழைய கிராஸ்ஓவரின் கம்பிகளைக் கழற்றி ஓரமாக வைத்தால் போதும், பெட்டியில் ஒரு கீறல் விழாது. அசல்தான் வேதம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. கிளிப்ஷே தன் வாழ்நாளில் அந்த ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரைப் பலமுறை மாற்றினார். அவர் கடைசிக் காலத்தில் ஈடுபட்ட ஜூபிலி என்ற ஹார்னை, அண்மை ஆண்டுகளில் அந்தக் கம்பெனி மின்னணுக் கிராஸ்ஓவரோடு, தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கும்படியாகவே விற்கிறது.

யாராவது இறங்குவதாக இருந்தால் சில எச்சரிக்கைகள். ட்வீட்டருக்கு இதுவரை காவலாக இருந்தது அந்தப் பழைய கண்டென்சர்தான். நேராக இணைத்தால், ஆம்ப்ளிஃபயர் போடும்போது வரும் ஒரு 'டப்' சத்தமே அதன் உயிரைக் குடித்துவிடும். ஆகவே ட்வீட்டர் கம்பியில் பொருத்தமான கண்டென்சர் ஒன்று இருக்கட்டும். போடும்போது ஆம்ப்ளிஃபயர் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல். மேல் ஹார்ன்களுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் காசை வீணாக்கவேண்டாம். இரண்டு மூன்று வாட்ஸ் தாராளம். அது இரைச்சல் இல்லாததாக இருப்பதுதான் முக்கியம். 104 டெசிபல் திறனில் ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய 'ஸ்ஸ்' கூடச் சோபா வரை கேட்கும்.

நம் பிளாக்குகளில் ஹாலின் ஒரு மூலையில் பால்கனிக் கதவு, இன்னொன்றில் சமையலறைக்குப் போகும் வழி. கிளிப்ஷார்னுக்கு வேண்டிய இரண்டு நல்ல மூலை கிடைப்பது கஷ்டம். கிடைத்தவர்கள், 40 ஹெர்ட்ஸ் அலைக்கு நம் கான்கிரீட் தளம் ஒரு தடையே இல்லை என்பதையும், இரவு 10 மணிக்கு மேல் கீழ்வீட்டுக்காரர் தூங்க ஆசைப்படுவார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.