மெரினா: துறைமுகம் தந்த மணலும் மக்கள் தந்த பொருளும்

சென்னை மக்கள் தம் நகரின் தனிச்சிறப்பாக முதலில் சுட்டுவது மெரினாக் கடற்கரையையே. ஆயின், இன்று காணும் அகன்ற மணற்பரப்பு தொன்மையானதன்று. சோழமண்டலக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்நகர்வை மறித்தன. தெற்கே மணல் குவிந்து கரை விரிந்தது. வடக்கே இராயபுரம் முதலிய மீனவர் பகுதிகளில் கடல் நிலத்தை அரித்தது.

1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் தென்கரையில் உலாப்பாதை அமைத்து, அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். உலாவுதற்கென அமைந்த அவ்விடத்தைப் பொதுமன்றமாக்கியவர் மக்களே. 1907இல் விபின் சந்திர பாலர் ஆற்றிய சொற்பொழிவுகளுக்கும், 2017இல் சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக எழுந்த போராட்டத்திற்கும் அக்கடற்கரையே களமாயிற்று. கட்டணமும் கதவும் இன்றி எவரும் வந்தமரலாம் என்பதே நகர மக்களுக்கு அதன் மதிப்பு.

எனினும், தென்கரையின் வரவும் வடகரையின் இழப்பும் ஒரே கட்டுமானத்தின் விளைவுகளாகும். வடகரையில் பல இடங்களில் இன்று மணலுக்கு மாற்றாகக் கருங்கல் தடுப்புகளே நிற்கின்றன. ஆதலின், மெரினாவின் வரலாறு இராயபுரத்தின் வரலாற்றோடு சேர்த்தே எழுதப்பெறல் வேண்டும்.