கடல் கடந்த வள்ளல் மதுரைப் பிள்ளை

இராமநாதபுரம் கடற்கரையினின்றும் இராமேசுவரம் தீவினின்றும் அக்கரை சென்ற நம் முன்னோர் வரலாற்றை எழுதப் புகுவோர், பெரும்பாலும் கண்ணீரில் தொடங்கிக் கண்ணீரிலேயே முடித்து விடுகின்றனர். அது பொய்யன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொண்டியிலும் பாம்பனிலும் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்றவர்களுள் நம்மவர் மிகப் பலர். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, அவர்தம் பிள்ளைகள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கங்காணியின் பற்றுச்சீட்டே அவர்களுக்குத் தலையெழுத்தாயிற்று.

ஆயினும், அந்நாளிலேயே கடல் கடந்து சென்று, கூலியாக நில்லாது, பலருக்குக் கூலி கொடுப்பவராக நிமிர்ந்து நின்ற ஒருவரும் நம் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் இருந்தார். அவர்தாம் இரங்கூன் வணிகர் ராவ் பகதூர் பி. எம். மதுரைப் பிள்ளை அவர்கள். அன்னார் நம் மாவட்டத்தார் அல்லர், சென்னையைச் சேர்ந்தவர். வெள்ளி விழா மலரில் உள்ளூர் வள்ளல்களுக்கே முதலிடம் தரவேண்டும் என்று கருதுவோர் இருக்கலாம். அக்கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கல்விக்காகத் தோன்றிய ஒரு சங்கம், நம்மவருள் தொழில் செய்து பொருளீட்டி, அப்பொருளைப் பள்ளிக்கூடமாக மாற்றிய முன்னோடி ஒருவரை அறியாதிருப்பது முறையன்று. நம் இளைஞருள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பர்? வகுப்பறையில் நான் கேட்டபோதெல்லாம் மறுமொழி கிடைத்ததில்லை.

பெயரைக் கேட்டவர்களும் ஒரு மயக்கத்துக்கு ஆளாவதுண்டு. 'பிள்ளை' என்னும் பட்டத்தைக் கண்டு, அவர் வேளாளர் போலும் என்று கடந்து விடுகின்றனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் கல்வியும் செல்வமும் பெற்ற ஆதிதிராவிடப் பெரியோர் பலர் அப்பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்தே எழுதி வந்தனர். பட்டம் ஒரு சாதிக்கு மட்டும் உரியதென்று எந்தச் செப்பேடு சொல்லிற்று?

மதுரைப் பிள்ளை பிறந்தது 1858-ஆம் ஆண்டு. கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை வெளியான ஆண்டும் அதுவே. அடிமை முறையைச் சட்டம் இனி ஏற்காது என்று கூறிய 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்து பதினைந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்ப்புறங்களில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்த காலம். நிலம் இல்லை, கோயில் இல்லை, பொதுக்கிணறு இல்லை, பள்ளித் திண்ணையும் இல்லை. ஊரில் இருந்தவாறே ஒருவர் வணிகராக உயர வழியே இல்லாதிருந்தது.

துறைமுகத்தில் வழி இருந்தது. 1852-இல் இரங்கூன் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகச் செல்லத் தொடங்கியது. 1885-இல் மேற்பர்மாவும் வீழ்ந்தது. இன்று யாங்கோன் எனப்படும் அந்நகரம், சில பத்தாண்டுகளில் இந்தியர் நகரமாகவே ஆயிற்று. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பழைய இராமநாதபுரம் மாவட்டத்து நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டித் தொழில் நடத்தினர். தெலுங்கரும் தமிழரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். முதல் போட்டுக் கடன் கொடுப்போர் ஒருபுறம், முதுகில் சுமப்போர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தைத்தான் மதுரைப் பிள்ளை பிடித்தார்.

அதற்குக் கப்பல் துபாஷித் தொழில் என்று பெயர். துபாஷி என்றால் இருமொழியாளர் என்பது பொருள். ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் அவர் வேலையன்று. ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தால், அதன் மாலுமிகளுக்குக் குடிநீர், அரிசி, இறைச்சி, காய்கறி முதலியன உடனே வேண்டும். சரக்கை இறக்கவும் ஏற்றவும் ஆள் வேண்டும். கப்பல் ஒரு நாள் வீணே நின்றாலும் முதலாளிக்குப் பெருநட்டம். எனவே கப்பல் தலைவனோடு ஆங்கிலத்தில் பேசி, சந்தையில் சரக்குப் பிடித்து, கூலியாட்களைத் திரட்டி, குறித்த நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பவர் ஒருவர் தேவைப்பட்டார். கைப்பொருளை முன்னே செலவிட்டுப் பின்னரே கணக்கு முடித்துப் பணம் பெறவேண்டும். நாணயம் தவறினால் அடுத்த கப்பல் வேறொருவரிடம் சென்றுவிடும். நிலவுடைமையோ குலப்பெருமையோ இத்தொழிலில் செல்லாது. ஆங்கிலம், கணக்கு, சொல் தவறாமை, ஆள் கட்டும் திறமை ஆகிய நான்குமே மூலதனம். இவற்றுள் முதலிரண்டும் பள்ளியில் கிடைப்பவை. இரங்கூன் துறைமுகத்தில் மதுரைப் பிள்ளை உயர்ந்த கதை, ஒரு வகையில் அந்நாளைய பள்ளிக் கல்வியின் கதையும் ஆகும்.

செல்வம் சேர்ந்தது. சிறப்புகளும் தேடி வந்தன. இரங்கூன் நகரசபை உறுப்பினராகவும் கௌரவ நீதிபதியாகவும் விளங்கினார். ராவ் பகதூர் பட்டமும் பெற்றார். சொந்த ஊரில் வழக்குமன்றத்தின் வாயிலில் எட்டி நிற்க வேண்டியிருந்த ஒரு குலத்தில் தோன்றியவர், கடலுக்கு அப்பால் நீதிபதி இருக்கையில் அமர்ந்தார் என்பதை இளைஞர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் கொடையைப் புலவர்கள் பாடினர். தமிழ்ப் புலவர் பலர் அவரைப் போற்றிப் பாடிய பாடல்கள் தொகுக்கப்பட்டு 'மதுரைப் பிரபந்தம்' என்னும் பெயரில் நூலாகவும் வெளிவந்தன. சங்க காலத்து வள்ளல்களுக்கும் நம் சேது நாட்டுச் சேதுபதிகளுக்கும் கீழக்கரைச் சீதக்காதிக்கும் கிடைத்த புலவர் வாழ்த்து, ஓர் ஆதிதிராவிட வணிகருக்கும் கிடைத்தது. இது சிறிய செய்தியன்று. எனினும் என் உள்ளத்தை அதனினும் மிகுதியாகக் கவர்வது வேறொன்று. அவர் இரங்கூனில் தம் பெயரால் ஒரு பள்ளியை நிறுவி நடத்தினார். புலவருக்குக் கொடுத்த பொன் புகழாகத் திரும்பி வந்திருக்கும். கூலி வேலைக்கு வந்த இடத்தில் பள்ளி வைப்பதோ, அடுத்த தலைமுறை கூலியாகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு.

தாய்நாட்டில் அப்போது நிலை என்ன? ஆதிதிராவிடர் பள்ளிகளுக்குச் சிறப்பு உதவி வழங்கும் அரசாணையைச் சென்னை அரசு 1893-இல் வெளியிட்டது. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை ஆரம்பித்தார். அது கோலார் தங்கவயலுக்கும் இரங்கூனுக்கும் சென்றது. வெளியூர்களில் உழைத்த நம்மவர் அனுப்பிய பணம், இங்கே இதழாகவும் சங்கமாகவும் உருப்பெற்ற காலம் அது. அந்தப் பேரோட்டத்தில் வைத்தே மதுரைப் பிள்ளையைக் காண வேண்டும். தனிமனிதரின் தாராள மனம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி வரலாறு மறைந்துபோகும்.

1913-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

பின் நிகழ்ந்தவை நமக்குப் பெரும்பாடம் கொண்டவை. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் கடல் வழியாகவும் மலைக்காட்டு வழியாகவும் ஓடி வந்தனர். வழியில் மாண்டோர் ஏராளம். 1962-க்குப் பின் வந்த இராணுவ ஆட்சி கடைகளையும் வங்கிகளையும், 1965-இல் தனியார் பள்ளிகளையும் அரசுடைமையாக்கியது. தமிழர் அங்கே மூன்று தலைமுறையாகத் தேடியவற்றுள் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

மதுரைப் பிள்ளை குடும்பத்தில் கடல் கடந்து திரும்பியது, பேத்தி பெற்றிருந்த கல்வி. அவருடைய மகள் மீனாட்சியின் மகளாக 1904-இல் இரங்கூனில் பிறந்தவரே அன்னை மீனாம்பாள். பெண்கல்வியே அரிதாயிருந்த நாளில் அவர் இரங்கூனிலேயே கல்வி கற்றார். பின்னர்ச் சென்னை வந்து, சட்டக் கல்லூரிப் பேராசிரியரும் 1945-இல் சென்னை மேயருமாக விளங்கிய ந. சிவராஜ் அவர்களின் வாழ்க்கைத் துணைவியானார். 1938-இல் ஈ. வெ. இராமசாமி அவர்களுக்குப் 'பெரியார்' என்னும் பெயரைச் சூட்டிய சென்னைப் பெண்கள் மாநாட்டில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். 1945-இல் பம்பாயில் கூடிய அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அண்ணல் அம்பேத்கர் அவரைத் தம் சகோதரியாகவே மதித்தார். 1992-இல் அவர் மறைந்தபோது, துறைமுகத்தில் பாட்டனார் ஈட்டிய பொருளில் எதுவும் எஞ்சியிருந்ததோ இல்லையோ, அவர் தந்த எழுத்தறிவு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான பெண்களிடம் பேசி முடித்திருந்தது.

நம் கடற்கரைக்கும் இத்தகைய திரும்பி வந்த கதைகள் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க இசைந்தவர் 5,25,000 பேர். அவர்களுள் பெருந்தொகையினர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் வந்திறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு தத்தம் வழி சென்றவர்கள். பர்மாவிலிருந்து வந்தோரும் நம் ஊர்களில் குடியமர்ந்தனர். டிரங்குப் பெட்டிகளில் இன்றும் பழைய கடவுச்சீட்டுகள், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், இரங்கூன் பள்ளிச் சான்றிதழ்கள் கிடக்கக்கூடும். கறையானுக்கு முன்னர் நாம் அவற்றைச் சென்று பார்க்க வேண்டும். அக்காலத்தைக் கண்ட பெரியோர் சிலரே இன்னும் உள்ளனர்.

ஆகவே சங்கச் செயற்குழுவிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். 'மதுரைப் பிரபந்தம்' நூலின் படி ஒன்றைத் தேடிப் பெற்று நம் படிப்பகத்தில் வைக்க வேண்டும். அடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருக்கும் மாணவ மாணவியரை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பி, அக்கரை சென்று வந்த குடும்பங்களின் செய்திகளைக் கேட்டு எழுதிவரச் செய்ய வேண்டும். நோட்டுப் புத்தகச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.