அரிசியும் எலுமிச்சையும்

லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கின் மாடியில் ஒரு சின்ன அறை. 1973 ஜூன் 19 அன்று அங்கே 63 இருக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு புது ராக் இசை நாடகத்தை மேடையேற்றினார்கள். பெயர் ‘ராக்கி ஹாரர் ஷோ’. எழுதிப் பாட்டமைத்தவர் ரிச்சர்ட் ஓ’பிரையன், இயக்கியவர் ஜிம் ஷார்மன். வழியில் டயர் பஞ்சராகி, கொட்டும் மழையில் ஒரு மாளிகையின் கதவைத் தட்டுகிறது ஒரு இளஞ்சோடி. உள்ளே வலைக் காலுறையும் உதட்டுச் சாயமுமாக ஒரு ஆண் விஞ்ஞானி நிற்கிறான். பழைய பேய்ப் படங்களையும் விஞ்ஞானப் படங்களையும் கிண்டலடித்து ஆடிப் பாடுகிற நாடகம்.

சங்ககிரியைச் சுற்றி, எடப்பாடி, மகுடஞ்சாவடி, திருச்செங்கோடு வரைக்கும், மாரியம்மன் நோம்பி வந்தால் விடிய விடியக் கூத்து நடப்பது உண்டு. மத்தளம், தாளம், முகவீணை, ஹார்மோனியம். அந்த கிட்டாரும் டிரம்ஸும் எங்கே, இவை எங்கே என்று தோன்றலாம். ஆனால் இரண்டிலும் பாட்டுதான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டிலும் பெண்ணுடை தரித்த ஆண் நடு அரங்கில் நிற்கிறான். முக்கியமாக, இரண்டிலும் பார்க்க வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. ஆடுகிறவர்களை ஒப்பிட்டு எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் இங்கே திரும்பிப் பார்ப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்களை.

காசிலிருந்து தொடங்கலாம். லண்டனில் டிக்கெட் வாங்கியவர் உட்கார்ந்தார். நாடகம் பிடித்தால் ஊரில் போய்ச் சொன்னார், பிடிக்காவிட்டால் அதோடு சரி. இங்கே டிக்கெட் கிடையாது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்து ஊர் கூத்து வைக்கிறது. வரி கொடுத்தவர் எல்லாருக்கும் அது நம்ம கூத்து. விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர் நடுவில் வந்து உட்காருவார். லாரிப் பட்டறைக்காரர் கிரீஸ் படிந்த கையோடு ஓரமாக நின்று பார்ப்பார். பாயும் போர்வையுமாக வந்த பெண்கள் ஒரு பக்கம், வேடக்காரரின் கால் தட்டும் தூரத்தில் பிள்ளைகள். இதை எண்ணிப் பூரிக்கிறவர்கள் ஒன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். சில தெருக்களில் வரி வாங்க மறுக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. வரி வாங்காதபோது கூத்தும் அந்தத் தெருக்காரர்களுடையது ஆகாது. எங்கே நின்று பார்க்கலாம் என்பதையும் ஊரே தீர்மானித்துவிடும். காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம் என்ற லண்டன் ஏற்பாட்டை அந்த இடத்தில் ஏளனம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

முதல் இரவில் அந்த 63 பேர் என்ன செய்தார்கள்? அறையே பாழடைந்த சினிமாக் கொட்டகை போல ஜோடிக்கப்பட்டிருந்தது. முகமூடி மாட்டிய ஆட்கள் வந்தவர்களை உட்கார வைத்தார்கள். நடிகர்கள் இருக்கைகளுக்கு நடுவே புகுந்து ஆடினார்கள். பார்வையாளர் திகைத்தார், சிரித்தார், கைதட்டினார். அதற்கு மேல் செய்ய அவருக்கு வழி இல்லை, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. புதுக் கதையின் பலமும் அதுதான், குறையும் அதுதான். ‘ராக்கி ஹாரர்’ என்றதும் இன்று உலகம் நினைக்கிற கூச்சல், பதில் வசனம், பொருள்களை வீசுவது எதுவும் அந்த மாடி அறையில் பிறக்கவில்லை.

அது பிறந்தது நியூயார்க்கில், அதுவும் சினிமாக் கொட்டகையில். நாடகம் 1975 மார்ச்சில் பிராட்வேயின் பெலாஸ்கோ அரங்குக்குப் போய் 45 காட்சிகளில் படுத்துவிட்டது. அதே ஆண்டு வந்த திரைப்படமும் ஓடவில்லை. 1976 ஏப்ரலில் வேவர்லி என்ற கொட்டகை அதை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டது. திரும்பத் திரும்ப வந்த அதே ஆட்களுக்கு வசனம் மனப்பாடம் ஆனது. கதாநாயகி மழையில் செய்தித்தாளைத் தலையில் பிடித்தபடி நடக்கும்போது, ஒரு குடை வாங்கித் தொலையேன் என்று ஒருவர் கத்தினார். மறுவாரம் பலர் கத்தினார்கள். அதற்குப் பிறகு திரையில் மழை பெய்தால் இவர்களும் செய்தித்தாளைத் தலையில் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் பீய்ச்சினார்கள். கல்யாணக் காட்சியில் அரிசி வீசினார்கள். அட்சதை போட்டுப் பழகிய நமக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆக, எதிர்க்குரல் கொடுக்கக் கதை மனப்பாடமாகி இருக்க வேண்டும். இதுதான் என் வாதம். சங்ககிரிப் பக்கத்துப் பிள்ளைக்குத் துரியோதனன் யார், திரௌபதி யார் என்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கர்ணன் சாவான் என்று தெரிந்துதான் ‘கர்ண மோட்சம்’ பார்க்க வருகிறார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளப் போகிறாள் என்று தெரிந்துதான் பெண்கள் முந்தானையை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க் ஆட்கள் மாதக்கணக்கில் சனி ஞாயிறு செலவழித்துச் சம்பாதித்ததை இவர்கள் பாட்டியின் மடியிலேயே பெற்றுவிடுகிறார்கள்.

புதுப் பாட்டுக்கு உடனே எதிர்க்குரல் எழாதா என்று கேட்கலாம். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல்முறை மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. ராக்கும் ராப்பும் கானாவும் ஒரே மேடையில். பாட்டெல்லாம் புதுசு, கூட்டம் முதல் பாட்டிலேயே ஆடியது. எனக்குத் தெரிந்த காரணம், அந்தக் கானாவின் நடையையும் பறையின் அடியையும் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஏற்கெனவே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களில் நிறைய. சொல் புதுசு, அடி பழசு. என் வாதத்துக்கு அது விலக்கு இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பெண்வேடத்துக்கு வருவோம். லண்டன் மேடையில் டிம் கரி ஏற்ற ஃபிராங்க் என்ற விஞ்ஞானி பெண்ணாக மாறுவதில்லை. பெண்ணுடைக்குள் ஆணாகவே நின்று பார்ப்பவரைச் சீண்டுகிறான். சிரிப்பதா, மயங்குவதா என்று தெரியாமல் கூட்டம் நெளிய வேண்டும் என்பதே நோக்கம். நாடகத் தணிக்கை 1968 செப்டம்பர் 26 அன்று முடிவுக்கு வந்து, மறுநாளே ‘ஹேர்’ என்ற ராக் நாடகம் அங்கே மேடையேறியிருந்தது. ஐந்தே வருடம் கழித்து வந்தவன் ஃபிராங்க். அந்தத் துணிச்சலின் சூடு ஆறாத காலம்.

கூத்தில் பெண்வேடம் கட்டியவர் பெண்ணாகவே ஆகிவிட வேண்டும். ஆனால் எந்தப் பெண் என்பதைப் பொறுத்துக் கூட்டம் மாறும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனோடு வம்பளக்கும் தோழி வேடம் வந்தால் பின்வரிசை இளவட்டங்கள் விசில் அடிப்பார்கள், காது கூசப் பேசுவார்கள், நோட்டைக் குத்துகிற சாக்கில் கையையும் நீட்டுவார்கள். அதே ஆள் ஒரு மணி நேரம் கழித்துத் திரௌபதியாக வந்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு குரல் எழாது. பல ஊர்களில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் துச்சாதனன் சேலையில் கை வைக்கிறான். ஒரே உடம்புக்கு ஒரே ராத்திரியில் கேலியும் கும்பிடும். இதைக் கலையின் மகிமை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த விசிலுக்கு நடுவில் நிற்பது கூலிக்கு ஆடுகிற ஒரு மனிதர். ஃபிராங்குக்குக் கிடைத்த கேலி அவன் கேட்டு வாங்கியது. தோழி வேடக்காரருக்குக் கிடைப்பதில் பாதி அவர் கேட்காதது.

வீசுகிற விஷயத்தில்தான் இரண்டும் நேர் எதிராகப் பிரிகின்றன. ‘அர்ச்சுனன் தபசு’ நடக்கும் இரவில் நெடிய மரத்தின் உச்சிக்கு அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். படிக்கு ஒரு பாட்டு. கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரச் சேலையோடு மடியேந்தி நிற்பார்கள். மேலிருந்து எலுமிச்சையும் பூவும் வில்வமும் விழும். எந்த மடியில் எது விழுகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். வேவர்லியில் பார்க்கிறவர் வீசினார், திரை வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே ஆடுகிறவர் வீசுகிறார், பார்க்கிறவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அரிசி மறுநாள் காலையில் துடைப்பத்துக்குப் போனது. எலுமிச்சை சாமி மாடத்துக்குப் போகும்.

தூக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கூத்துப் பார்வையாளரைப் பற்றிச் சொன்னதாகாது. இரவு பத்து மணிக்குப் பாய் விரித்தவர் பன்னிரண்டுக்குள் சாய்ந்துவிடுவார். “சேலை உரியறப்ப எழுப்பி உடு” என்று பேரனிடம் சொல்லிவிட்டுத்தான் சாய்வார். பல நேரம் பேரனும் தூங்கிவிடுவான், மத்தளம் எழுப்பும். இதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பெலாஸ்கோவில் ஒருவர் குறட்டை விட்டிருந்தால் மறுநாள் விமர்சனத்தில் அதுவே முதல் வரி ஆகியிருக்கும்.

எழுந்திருப்பவர் பார்ப்பது எதை? திரௌபதி கண்ணனைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒருவர் கூட்டத்தைத் தாண்டி வந்து கட்டியக்காரன் கையில் நூறு ரூபாயைத் திணிக்கிறார். ஆட்டம் நிற்கிறது. இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், திரௌபதி அம்மன் பாட்டை மெச்சிக் கொடுத்த அன்பளிப்பு என்று கட்டியக்காரன் உரக்கச் சொல்கிறான். கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குத் திரும்புகிறார். இத்தனைக்கும் ஹார்மோனியக்காரர் சுருதிக் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. விட்ட எழுத்தில் அழுகை மறுபடி தொடங்குகிறது. கொடுத்தவரும் கொடுக்காதவரும் அதே கண்ணீரோடு கேட்கிறார்கள். உணர்ச்சி கலைந்துவிடும் என்ற பயம் மேடைக்கும் இல்லை, கூட்டத்துக்கும் இல்லை.

லண்டன் நாடகத்தின் பின்கதைக்கு இங்கேதான் வர வேண்டும். அது மாடி அறையிலிருந்து பெரிய இடங்களுக்கு மாறி, 1980 செப்டம்பரில் நிற்கும்வரை 2,960 காட்சிகள் கண்டது. பிற்பாடு அதைத் திரும்ப மேடையேற்றியபோது சினிமாக் கொட்டகைக் கூச்சலைப் பழகியவர்கள் அரங்குக்கு வந்து சேர்ந்தார்கள். திரைக்குக் காது இல்லை, நடிகனுக்கு உண்டே. வசனத்துக்கு நடுவே கத்துகிறவனுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அரிசியையும் தண்ணீரையும் பல அரங்குகள் தடை செய்தன. வாயைத் தடை செய்ய முடியவில்லை. கதையின் ஓரத்தில் நின்று நடந்ததைச் சொல்லும் பாத்திரம் ஒன்று அதில் இருக்கிறது. அந்த வேடத்துக்கு வாய்ச் சாமர்த்தியம் உள்ள நகைச்சுவைக் கலைஞர்களைப் போட ஆரம்பித்தார்கள். கத்துகிறவனை மடக்குவது, அன்றைய அரசியலைச் சீண்டுவது, பிறகு கதையைத் தண்டவாளத்தில் ஏற்றுவது எல்லாம் அவர் பாடு. நம்மூர்க் கட்டியக்காரனைப் பார்க்காமலே அவர்கள் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கதைசொல்லிக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் என்ன கத்துவார்கள் என்பது பெரும்பாலும் ஊரறிந்தது. பதிலைத் தயார் செய்துகொண்டு வரலாம். இங்கே இரண்டு மணிக்குப் போதையில் ஒருவன் எழுந்து, சினிமாப் பாட்டு பாடினால்தான் ஆச்சு என்று நிற்பான். கைப்பேசியை உயர்த்திப் பிடித்த நாலு பேர் அவனுக்குத் துணை. கட்டியக்காரன் மறுப்பதில்லை. கேட்ட பாட்டின் முதல் அடியை அதே மெட்டில் எடுப்பான், கூட்டம் சேர்ந்து பாடத் தொடங்கும்போது அடுத்த அடியில் அந்த ஆளின் தள்ளாட்டத்தை இழுத்துவிடுவான், மூன்றாவது அடியில் துரியோதனன் சபைக்கு வழி கேட்பான். மத்தளக்காரர் அதற்குள் கூத்து நடைக்கு மாறியிருப்பார். எழுந்து நின்றவன் சிரித்துக்கொண்டே உட்காருவான். உட்காராத நாட்களும் உண்டு. அன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வர வேண்டியிருக்கும்.