யூடியூபில் பேசுபவர் விற்பவரா, வாங்கியவரா?

தளவானூர் போன்ற ஊர்களில் மிக்சியோ கைப்பேசியோ வாங்குவதென்றால், முன்பெல்லாம் செஞ்சிக்குப் போய்க் கடைக்காரரிடம் விசாரிப்போம். அவர் விற்பவர் என்பது தெரிந்ததே. பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்போம். இன்று யூடியூபில் விசாரிக்கிறோம். பேசுபவர் யார் பக்கம் என்பதுதான் அங்கே விளங்குவதில்லை.

"காசு வாங்கவில்லை, போனை மட்டும்தான் அனுப்பினார்கள்" என்பது வழக்கமான சமாதானம். அது செல்லாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், ஓட்டல் வாசம், ஏன், குடும்ப உறவையும்கூட வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். காணொளியில் எழுத்தில் காட்டவும் வேண்டும், வாயால் சொல்லவும் வேண்டும். கீழே குறிப்பில் எங்கோ ஒளித்து வைத்தால் போதாது.

வருமான வரித் துறையும் விடவில்லை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாகக் கொடுத்தால், 2022 ஜூலை முதல் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. விமர்சித்த பின் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாரா என்பதை அவர் சொல்கிறாரா பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சே வராது.

ஏமாற்று விளம்பரத்துக்குத் துணைபோனவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை விளம்பரம் செய்யத் தடையும் வரலாம். பொருளை முறையாக ஆராய்ந்தே சொன்னேன் என்று காட்டினால் தப்பலாம். புகார் செய்ய, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.