சரக்கு வண்டிக்குள் ஒரு படுக்கை

சற்று நீண்ட பதிவு. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

மோட்டார் வாகனத்தின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் பெட்டியை நாம் டிரெய்லர் என்றே வழங்குகிறோம். டிராக்டரின் பின்னால் கரும்பும் செங்கல்லும் ஏற்றிச் செல்லும் அதனைச் சரக்குக்கு அன்றி வேறெதற்கும் உரியதாக நாம் எண்ணுவதில்லை. அமெரிக்காவில், சிறிய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்து, விடுமுறை நாள்களில் காட்டுக்கும் மலைக்கும் இழுத்துச் செல்வது ஏறத்தாழ நூறாண்டு வயதுடைய வழக்கம். இதைப் பொழுதுபோக்கின் வரலாறாக மட்டும் எழுதிவிடலாம். அவ்வாறே பெரும்பாலும் எழுதப்பட்டும் வந்துள்ளது. ஆனால் இவ்வண்டியின் தடத்தைத் தொடர்ந்து சென்றால், அது நீதிமன்ற வாயிலில் போய் நிற்கிறது. வண்டியில் உறங்குகிறவர் எப்போது சுற்றுலாப் பயணி ஆகிறார், எப்போது குற்றவாளி ஆகிறார் என்பதே அங்கு எழும் கேள்வி.

1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ‘மாடல் டி’ கார்களைச் செய்தது. விலை குறைந்த அந்தக் கார், நடுத்தரக் குடும்பங்களை ரயில் அட்டவணையிலிருந்தும் விடுதிக் கட்டணத்திலிருந்தும் விடுவித்தது. சாலையோரத்தில் கூடாரமடித்துத் தங்குவது நாகரிகமான பழக்கமாயிற்று. 1919இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் தோன்றியது. தகர டப்பா உணவை உண்டு ஊர் சுற்றுவோர் என்ற கேலியையே அவர்கள் தம் பெயராக ஏற்றனர். காரின் முன்புற ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருப்பதே உறுப்பினருக்கான அடையாளம். சிறு நகரங்கள் இவர்களை வரவேற்று இலவச முகாம் திடல்களைத் திறந்தன. தங்குபவர்கள் உள்ளூர்க் கடைகளில் பொருள் வாங்குவார்கள் என்பது வணிகர்களின் கணக்கு.

1920களின் நடுப்பகுதிக்குள் இக்கணக்கு மாறியது. பழைய கார்களின் விலை சரியவே, வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் ஏழைக் குடும்பங்களும் அதே திடல்களுக்கு வந்து சேர்ந்தன. அவர்களிடம் கடையில் செலவிடப் பணமில்லை. நகராட்சிகள் நுழைவுக் கட்டணம் விதித்தன. தங்கும் நாள்களுக்கு வரம்பு கட்டின. ஒரே கூடாரம், ஒரே தகர டப்பா. உள்ளே இருப்பவரின் பணப்பையைப் பார்த்து நடத்தும் முறை இங்கிருந்தே தொடங்குகிறது.

இக்காலத்தில்தான் கூடாரத்தின் இடத்தை மரப்பெட்டி பிடித்தது. டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் 1929இல் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றார். அவர் வாங்கியிருந்த கூடார டிரெய்லர் மழையில் கைவிட்டது, குடும்பமே நனைந்தது. அதன்பின் அவர் மேசனைட் பலகைகளால் மூடிய, நிலையான கூரையுள்ள பெட்டியொன்றைச் சக்கரங்களின் மேல் அமைத்தார். ‘கவர்டு வேகன்’ என்று பெயரிட்டு அதை விற்கத் தொடங்கிய அவரது நிறுவனம், 1936 வாக்கில் நாட்டின் மிகப்பெரிய டிரெய்லர் நிறுவனமாக வளர்ந்திருந்தது. அதே 1936இல் வாலி பையம் தமது அலுமினிய ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ வண்டியை 1,200 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்னும் இருபதாண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளியல் கணிப்பாளர் அந்நாளில் ஆரூடம் கூறினார். அது பலிக்கவில்லை, ஆனால் அந்த ஆண்டுகளின் மனநிலையை அது காட்டுகிறது.

அதே 1936ஆம் ஆண்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. வறட்சியும் புழுதிப் புயலும் விலை வீழ்ச்சியும் சேர்ந்து ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா மாநிலங்களின் குத்தகை உழவர்களை நிலத்திலிருந்து பெயர்த்திருந்தன. பழைய காரின் அச்சையும் சக்கரங்களையும் கழற்றி, மேலே பலகை அடித்து, பாத்திரமும் பாயும் பிள்ளைகளும் ஏற்றி அவர்கள் மேற்கு நோக்கிச் சென்றனர். அரசின் மீள்குடியேற்றத் துறைக்காக டொரோத்தியா லாங் எடுத்த புகைப்படங்களில் இவ்வண்டிகளை இன்றும் காணலாம். ஷெர்மன் செய்ததும் அச்சின் மேல் பெட்டிதான். இவர்கள் செய்ததும் அதுவே. முன்னது கண்காட்சிக்குச் சென்றது. பின்னதைத் தடுக்க, 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 காவலர்களைக் கலிஃபோர்னியாவின் எல்லைகளுக்கே அனுப்பினார். கையில் காசில்லாதவர்கள் எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு நகரத்தின் காவல்துறை மாநில எல்லையைக் காத்து நின்ற அந்த விந்தை சில வாரங்கள் நீடித்தது.

காவலர்கள் திரும்பினாலும் சட்டம் இருந்தது. ஏழை என்று தெரிந்தே வெளிமாநிலத்தவரைக் கலிஃபோர்னியாவுக்குள் அழைத்துவருவது அங்கே குற்றம். மேரிஸ்வில் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் எட்வர்ட்ஸ் 1939 டிசம்பரில் டெக்சாஸ் சென்று, தம் மனைவியின் சகோதரர் ஃபிராங்க் டங்கனைப் பழைய காரில் அழைத்து வந்தார். புறப்படும்போது டங்கனிடம் இருந்தது 20 டாலர். வந்து சேரும்போது அதுவும் தீர்ந்திருந்தது. மைத்துனரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்த குற்றத்துக்காக எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1941 நவம்பர் 24 அன்று நீதிபதிகள் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லாது என்றனர். மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தைத் தடுக்க ஒரு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை. வறுமையையும் ஒழுக்கக்கேட்டையும் ஒன்றாக எண்ணும் பழைய கருத்தைத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைர்ன்ஸ் வெளிப்படையாகவே மறுத்தார். நீதிபதிகள் டக்ளஸும் ஜாக்சனும் ஒரு படி மேலே சென்று, நாட்டுக்குள் எங்கும் செல்வது குடிமகனின் உரிமை என்று தனியே எழுதினர்.

அத்தீர்ப்பு வந்த இரண்டு வாரங்களில் அமெரிக்கா போரில் இறங்கியது. நாம் பேசும் சிறு சரக்கு டிரெய்லருக்கு அதன் இன்றைய உருவத்தைத் தந்ததில் போருக்குப் பெரும்பங்கு உண்டு. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற நலிந்த கார் நிறுவனமே முதல் ஜீப்பை வடிவமைத்துச் செய்து, 1940 செப்டம்பர் 23 அன்று இராணுவத்திடம் ஒப்படைத்தது. ஆனால் பெருந்தொகை உற்பத்திக்கு அந்நிறுவனம் போதாது என்று இராணுவம் கருதியதால், ஜீப் ஒப்பந்தம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. பாண்டத்துக்கு மிஞ்சியது ஜீப்பின் பின்னால் இழுக்கும் கால் டன் சரக்கு டிரெய்லர். இரண்டு சக்கரம், தொட்டி போன்ற எஃகு உடல், ஏறத்தாழ 227 கிலோ சுமை. ஆற்றைக் கடக்கும்போது மிதக்க வேண்டும் என்பதற்காக நீர்புகாத வகையில் அது செய்யப்பட்டது. தான் பெற்ற பிள்ளையைப் பிறர் வளர்க்க, அதன் பின்னே செல்லும் வண்டியைச் செய்து பிழைத்தது அந்நிறுவனம்.

போர் முடிந்ததும் இவ்வண்டிகள் உபரிப் பொருளாகச் சந்தைக்கு வந்தன. திரும்பிவந்த வீரர்களுக்கு வீடு கிடைக்காத காலம் அது. அரசின் கல்வி உதவி பெற்றுப் படிக்க வந்தவர்களுக்காகப் பல பல்கலைக்கழக வளாகங்களில் டிரெய்லர் குடியிருப்புகளே எழுந்தன. இன்னொரு புறம், கைத்தொழில் இதழ்கள் ‘கண்ணீர்த்துளி’ வடிவ டிரெய்லரைச் செய்யும் வரைபடங்களை வெளியிட்டன. ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் 1947இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் பேசப்படுவது. நான்கடி அகலம், எட்டடி நீளம், நிற்க முடியாத உயரம்; இருவர் படுக்க இடம்; பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. ஒட்டுப்பலகையின் அளவே எட்டுக்கு நான்கு என்பதால் வெட்டும் வேலையும் வீணாகும் பலகையும் குறைவு. நம் ஊர்த் தச்சர்களுக்கும் இந்த எட்டுக்கு நான்கு கணக்கு புதிதன்று.

சரக்குக்கான வண்டியைப் படுக்கைக்கானதாக மாற்றும்போது இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது எடை. ஒற்றை அச்சு வண்டியில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவேனும் கொக்கியின் மீது அமர வேண்டும். சமையல் சாமான்களைப் பின்புறமே குவித்தால் முன்புறம் இலேசாகி, வேகத்தில் வண்டி பாம்பாக நெளியும். காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். இரண்டாவது காற்று. சரக்கு மூச்சு விடுவதில்லை, மனிதர் விடுகிறார். மூடிய தகரப் பெட்டியில் இருவர் உறங்கினால், குளிர்ந்த சுவரில் அவர்களின் மூச்சே நீராகப் படிந்து சொட்டும். கூரையில் காற்றுப்போக்கியும் சுவரில் வெப்பத்தடுப்பும் அமைக்காமல் சரக்குப் பெட்டி உறைவிடம் ஆவதில்லை.

1950களில் இரு வழிகள் தெளிவாகப் பிரிந்தன. 1954இல் விஸ்கான்சினைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே பத்தடி அகல டிரெய்லரைக் கொண்டுவந்தார். குடும்பக் கார் அன்றாடம் இழுத்துச் செல்ல அது மிகப் பெரிது; ஓரிடத்தில் நிறுத்தி வாழ்வதற்கானது. ஊர்சுற்றுவதற்கான டிரெய்லர் வசதியுள்ளோரின் விடுமுறைப் பொருளாயிற்று. நின்றுவிட்ட டிரெய்லர் ஏழையின் வீடாகி, நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

இன்று அந்த எல்லைக்கோடு மீண்டும் மங்குகிறது. தளபாடம் ஏற்றும் வெள்ளை நிறச் சரக்குப் பெட்டியை வாங்கி உள்ளே படுக்கை அமைப்பவர்களில், வார இறுதிக்குச் செல்வோரும் உண்டு. வாடகை கட்ட இயலாமல் அதிலேயே வாழ்வோரும் உண்டு. வண்டியே வீடான முதியவர்களைக் குறித்து ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமட்லாண்ட்’ நூல் திரைப்படமாகி ஆஸ்கர் பெற்றதை நண்பர்கள் அறிவார்கள். 2024 ஜூன் 28 அன்று, ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொதுவிடத்தில் முகாமிடுவோரைத் தண்டிக்கும் விதிகள் செல்லும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நகரின் அப்போதைய விதிப்படி முதல் அபராதம் 295 டாலராக இருந்தது. மீண்டும் மீண்டும் சிக்கினால் 30 நாள் சிறை வரை செல்லக்கூடியதாக இருந்தது. விதியில் குற்றத்துக்கு இடப்பட்டிருந்த பெயர் ‘கேம்பிங்’. 1919இல் காரின் மூக்கில் டப்பாவைப் பற்றவைத்துப் பெருமையோடு சொல்லப்பட்ட அதே சொல்.

தில்லியில் வாழும் எனக்கு இவ்வரலாறு அயலாகத் தோன்றவில்லை. இங்கே சாலையோரங்களில் காடியா லோகார் என்னும் கொல்லர்களைக் காண்கிறேன். வண்டியே அவர்கள் வீடு. காடி என்ற சொல்லே அவர்கள் பெயரில் இருக்கிறது. 1568இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அது மீளும்வரை கூரையின் கீழ் வாழ்வதில்லை என்று தம் முன்னோர் சூளுரைத்ததாக அவர்கள் மரபு கூறும். 1955 ஏப்ரலில் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று, சூளுரை நிறைவேறியதாக அறிவித்தார். ஆனால் நிலமும் வேலையும் இன்றி அவர்களில் பலர் வண்டிக்கே திரும்பினர்.

1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் அலைந்து வாழ்ந்த சமூகங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. 1952 ஆகஸ்டு 31 அன்றுதான் அது நீக்கப்பட்டது. அதற்குள் நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவு, நாடெங்கும் செல்லவும் எங்கும் தங்கவும் குடிமக்களுக்கு உரிமை அளித்திருந்தது. ஆயினும் 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பிழைப்புக்கு வழி இருப்பதாகத் தெரியாமல் பொதுவிடத்தில் திரிவதையே பிச்சை என்று வரையறுத்தது. தில்லிக்கும் பொருந்திவந்த அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல்தான் செல்லாதவையாக்கியது. எட்வர்ட்ஸ் வழக்குக்கும் இதற்கும் இடையே 77 ஆண்டுகள்.

இன்று இமயமலைச் சாலைகளில் படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டிகளை வாடகைக்கு எடுத்துச் செல்வது நம்மிடையேயும் பெருகிவருகிறது. மகிழ்ச்சியே. அவ்வண்டிகள் நிற்க மாநில அரசுகள் திடல் ஒதுக்கும்போது, அதே சாலையோரம் நிற்கும் லோகாரின் வண்டிக்கும் ஓரிடம் வேண்டும் என்பதை விதி வகுப்போர் நினைவில் கொள்ள வேண்டும். இத்துறையில் பயிலும் நண்பர்கள் திருத்தங்கள் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.